ஈர மண்ணு

– எதுக்கு புள்ள ரெண்டு செருப்பையும் பையில வெக்கற? எனக்கு ஒண்ணு போதும்.

– ஒண்ணு போதுங்கறது போறதுக்குங்க. வாரப்ப ரெண்டையும் மாட்டீட்டு நடந்து வருவீங்கல்ல.

– நான்தான் போகலைன்னு சொல்லீட்டனே, வாணி.

– வேல்முருகன் அண்ணன் முட்டை வண்டியக் கழுவி வாசல்ல நிறுத்தீட்டாரு. அரை மணி நேரத்துல கெளம்புனாத்தான் எருமப்பட்டியில இருந்து சேலம் போய் ரயிலப் புடிக்கலாம். கழுவியும் கோழி நாத்தம் போகல, அதச் சொல்றீங்களா?

– வண்டியச் சொல்லல. ஆஸ்பத்திரியச் சொல்றேன்.

– பண்ணையில தெனமும் ஆயிரம் குஞ்சுக்கு ஊசி போடறேன். ஒண்ணுகூட இத்தன அடம் புடிக்காதுங்க.

– பழைய ஆஸ்பத்திரின்னா போயிருப்பேன். சின்னது, அமைதியா இருக்கும். அதப் போய் மூடீட்டாங்க.

– மூடலைங்க. ரெண்டு பட்டாளத்து ஆஸ்பத்திரியையும் ஒண்ணாச் சேத்துப் பெருசாக்கியிருக்கறாங்க. அடிபட்டவங்களுக்குன்னே முந்நூறு கட்டில், செயற்கைக் காலு அளவெடுத்துச் செய்யத் தனி எடம். அங்கிருந்து வந்த லெட்டர மூணு தடவ படிச்சுட்டேன். இப்பக் குடுத்திருக்கற காலு கடிச்சுக் கடிச்சு மாட்டவே முடியல, நேத்துக் கட்டு அவுக்கறப்ப ரத்தம். இன்னொரு தடவ சீழ் புடிச்சா முட்டிக்கு மேலயும் எடுக்கோணும்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சுங்களா?

– மறக்கல.

– நாளைக்குள்ள போய்ச் சேரலைன்னா கட்டில் வேற ஆளுக்குப் போயிரும். அது?

– தெரியும் புள்ள.

– அப்பறம் என்னதானுங்க?

– வீரபாகு அங்க இருக்கறான்.

– ஆத்தூர்க்காரருங்களா? உங்ககூட ஒரே கண்ணிவெடியில அடிபட்டவரு? நல்லதாப் போச்சு. பேச்சுத் தொணைக்கு ஆளாச்சு.

– அவன அந்த ஆஸ்பத்திரி, என்னய இந்த ஆஸ்பத்திரின்னு பிரிச்சுப் போட்டாங்களே, அதுலதான் நான் பொழச்சுக் கெடந்தேன். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே வார்டு. காத்தால கண்ணு முழிச்சா, அவன் இடது கையில இட்லியப் பிச்சுட்டு ஒக்காந்திருப்பான். நான் எங்க பாக்கறது?

– அவரு கைய நீங்களா எடுத்தீங்க?

– நாந்தான் கூட்டீட்டுப் போனேன்.

– ஏனுங்க, ஒரு வருசமாச்சு. இத எங்கிட்டச் சொன்னதேயில்ல.

– யாருகிட்டயும் சொன்னதில்ல. பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னால நாலு வருசம் ரிக் வண்டியில போர்வெல் போட்டுட்டுத் திரிஞ்சனா? எங்க போனாலும் கண்ணு மண்ணத்தான் பாக்கும். அன்னிக்கு ரோந்து போறப்ப, பாதைக்கு அக்கட்டால ஒரு எடம் மட்டும் ஈரமா இருந்துச்சு. சுத்தியும் காஞ்சு கெடக்குது. ‘டேய் வீரா, இங்க ஊத்து இருக்குதுடா, நூறடியில தண்ணி, பந்தயமா?’ன்னேன். பாதைய உட்டு எறங்குனேன். அவனும் சிரிச்சுட்டே பின்னால வந்தான்.

– அப்பறம்?

– அது ஊத்தில்ல, வாணி. புதுசாத் தோண்டி மூடுன மண்ணு. அடி மண்ணு மேல வந்தா ஈரமாத்தான் இருக்கும். எத்தன குழி பாத்தவன் நான். தண்ணின்னு தோணுன பொறவு வேற ஒண்ணும் மண்டையில ஏறல.

– கொஞ்சம் தண்ணி குடிங்க. நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

– சொல்லு.

– அவரு ஊட்டுக்காரி சுகன்யா நேத்துப் போன் பண்ணுச்சு. வார்டு லிஸ்ட்டுல உங்க பேரப் பாத்துட்டு, ‘என்னய வேற எடத்துக்கு மாத்துங்க’ன்னு அவரு எழுதிக் குடுத்துட்டாராமா.

– பாத்தியா? என்ற மூஞ்சியப் பாக்கவே அவனுக்குப் புடிக்கல.

– முழுசாக் கேளுங்க. வெடி இருக்குதான்னு பாக்கற மிஷின் அன்னிக்கு அவரு கையிலதான இருந்துச்சு?

– ஆமா.

– அது அணைஞ்சு கெடந்துச்சுன்னு விசாரணையில சொன்னாங்களாமா. எப்ப அணைச்சாரு, எதுக்கு அணைச்சாருன்னு அவருக்கு ஒண்ணும் நெனப்பில்ல. வெடிச்சதுல அந்த அரை மணி நேரமே அழிஞ்சு போச்சாமா. ‘என் கவனக்கொறைவுல ஜெயபிரகாஷ் காலு போச்சு, அவன எப்படிப் பாப்பேன்’னு ஒரு வருசமா அதே பொலம்பலாமா.

– வீராவா? வீராவா அப்படிச் சொன்னான்?

– ஆமாங்க. அவருக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல. நீங்க அங்க போய் இந்த ஈர மண்ணுப் பேச்செல்லாம் எடுக்கவே வேண்டாம். சும்மா பக்கத்துல ஒக்காந்தாப் போதும்.

– அந்த ரெண்டாவது செருப்பையும் உள்ள வெய்யி. வேல்முருகன வண்டிய எடுக்கச் சொல்லு.

– அப்பாடி. இப்பத்தான் மனசு லேசாச்சுங்களா?

– இல்ல புள்ள. ‘ஊத்து ஓடுதான்னு மண்ணத் தட்டிப் பாக்கறேன், சத்தம் கேக்கோணும், அந்த மிஷின அணைடா’ன்னு அவங்கிட்டச் சொன்னதே நாந்தான்.