மூடிக்குள் ஒரு கோடு

ஒரு பென்சில் கொடுங்கள் ஐயா. பேனா வேண்டாம். எனக்கு எதையும் வாயால் விளக்க வராது, வரைந்து காட்டித்தான் பழக்கம். பட்டறையில்கூட எந்நேரமும் என் காதில் ஒரு பென்சில் செருகியிருக்கும்.

தம்பியின் லாரி பழைய பெட்ரோல் வண்டி. பிரித்துப் போட்டுக் கிடந்ததை எட்டு மாதம் உட்கார்ந்து கோத்துக் கொடுத்தவன் நான். அம்மா அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்ததும் நான்தான். நல்லது கெட்டது எதுவென்றாலும் முதலில் என்னிடம்தான் வந்து நிற்பான். கல்யாணம் ஆகும்வரை அப்படி.

பிறகு வரத்து குறைந்தது. நான் குறை சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளை என்று ஆனவனுக்கு அண்ணனைப் பார்க்க நேரம் ஏது? ஆனால் வண்டிக்கு மிஸ்ஸிங் வந்தால் வந்துதானே ஆக வேண்டும்.

மிஸ்ஸிங் என்றால், ஆறு சிலிண்டரில் ஒன்று தீப்பிடிக்காமல் இன்ஜின் குலுங்கும். எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்போம். கழற்றியதும் சத்தம் தடுமாறினால் அது நல்ல சிலிண்டர். கழற்றியும் சத்தம் மாறாமல் ஓடினால் அதுதான் செத்தது. அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

நாலு வருஷம், மாதம் தவறாமல், மூன்றாவது சிலிண்டர் மக்கர் பண்ணியது. “உங்க தம்பி வண்டிக்கு மாசாமாசம் பொறந்த வீட்டு ஞாபகம் வந்துடுது” என்று டீக்கடைக்காரர் கிண்டல் பண்ணுவார். தம்பி ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து மதியம்வரை பேசிக்கொண்டிருப்பான். மகளுக்குப் பல் முளைத்ததிலிருந்து எல்லாவற்றையும் எனக்கு அந்த டயரில் உட்கார்ந்துதான் சொன்னான். கிளம்பும்போது, “நீ இல்லன்னா இந்த வண்டி காயலான் கடைக்குத்தாண்ணே போகணும்” என்பான்.

இதோ, இப்படி ஒரு வட்டம் போடுகிறேன். இதுதான் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளங்கை அளவுதான், கறுப்பாக இருக்கும். ஆறு சிலிண்டருக்கும் கரண்ட் இதிலிருந்துதான் பிரிந்து போகிறது. பென்சில் கோட்டில் கரண்ட் ஓடும், தெரியுமா ஐயா? மூடிக்கு உள்பக்கம், மூன்றாவது முனையிலிருந்து விளிம்புவரை லேசாக ஒரு கோடு இழுத்தால் போதும், அந்த சிலிண்டருக்குப் போக வேண்டிய கரண்ட் அது வழியே கசிந்துவிடும். உடனே தெரியாது. ஈரக்காற்று பட்டு, நாள் ஆக ஆக வேலையைக் காட்டும். அவன் வந்ததும் துடைத்துவிடுவேன். போகும்முன் மறுபடி இழுத்துவிடுவேன். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

பிறகு மூன்று மாதம் அவன் வரவில்லை. ஒருநாள் காலையில் வந்தான். வண்டி உள்ளே நுழையும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் பிசிறில்லாமல் இருந்தது.

“மிஸ்ஸிங் என்னடா ஆச்சு?”

“அது சரியாயிடுச்சுண்ணே. வழியில ஒருத்தர் மூடிய மாத்திவிட்டாரு, அவ்வளவுதான். சும்மா உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சும்மா பார்க்க வந்தானாம். நாலு வருஷத்தில் ஒருநாள்கூடச் சும்மா வராதவன். எனக்கு வயிறு எரிந்தது ஐயா. என்னைக் கழற்றிப் போட்டுவிட்டு மூன்று மாதம் ஓடியிருக்கிறான், சத்தம் கொஞ்சமும் மாறவில்லை. வளர்த்தவனுக்குச் செய்கிற துரோகம் இதைவிட வேறென்ன இருக்கிறது?

இரண்டு பேருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று அவன் எழுந்து போனான். நான் பானெட்டைத் திறந்தேன். இந்தத் தடவை, ஆறுக்குமான கரண்ட் வந்து இறங்குகிற நடு முனையிலிருந்து இழுத்தேன், இரண்டு தரம் அழுத்தி. காலி வண்டியில் ஒன்றும் தெரியாது. முழு லோடோடு மேடு ஏறும்போது இன்ஜின் ஒரேயடியாக நின்றுவிடும். அதற்குள் கோடு கருகிப் படிந்திருக்கும், மூடியை மாற்றாமல் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அவன் போகிற வழியில் மேடு என்றால் ஒன்றே ஒன்றுதான். அதன் உச்சியில் தண்டவாளம். கேட் கிடையாது.

நான் வண்டியைத்தான் தொட்டேன், அவனைத் தொடவில்லை. நின்றால் என்னைக் கூப்பிடுவான் என்று மட்டும்தான் நினைத்தேன்.

மறுநாள் பதினொன்றேகாலுக்குப் போனில் கூப்பிட்டான். “அண்ணே, தண்டவாளத்து மேலயே நின்னுடுச்சுண்ணே. என்ன பண்றது?”

அது என் பழைய தம்பியின் குரல். “எறங்காதடா, நான் சொல்றபடி செய்” என்றேன். சோக்கை இழுக்கச் சொன்னேன், இழுத்தான். சாவியைத் திருப்பச் சொன்னேன், திருப்பினான். நாலு நிமிஷம் பேசியிருக்கிறேன் என்று நீங்களே கணக்குப் பார்த்துச் சொன்னீர்கள். எனக்கு அது அரை நிமிஷம் மாதிரி இருந்தது.

ரயில் ஊதியது எனக்கும் கேட்டது.

“அண்ணே, எறங்கிடட்டுமா?”

“இன்னொரு தடவ பாரு” என்றேன்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் இறங்கி ஓடியிருப்பான். கடைசிவரைக்கும் என் பேச்சைத்தான் கேட்டான் ஐயா. அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.