ஆருக்கும் வேண்டாத மாமரம்

— நேற்றுப் பின்னேரம் மூண்டரைக்கு விழுந்தது. இன்னும் உன்ர மாமரம் என்ர குசினிக்குள்ளதான் படுத்திருக்கு, யோகராசா.

— என்ர மரமோ? ஆர் சொன்னது, சிவலட்சுமியக்கா?

— நீதான். போன வருசம் நான் ஒரு மாங்காய் பிடுங்கினதுக்கு, உன்ர கிணத்தடியில நிண்டு என்ர மரமெண்டு ஊருக்கே கேக்கச் சொன்னனீ.

— அது போன வருசம்.

— இந்த வருசம் மரம் கைமாறிட்டுதோ?

— விசயத்துக்கு வாங்கோ அக்கா. அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள்? உங்கட மாமி வைச்ச மரம், எனக்கு ஒரு இலைகூட இல்லை எண்டு மண் அள்ளி எறிஞ்செல்லோ திட்டினனீங்கள்.

— அது கோவத்தில சொன்னது.

— நான் மட்டும் சந்தோசத்திலயோ சொன்னனான்?

— கூரை போச்சு. சட்டி பானை முழுக்க மாவிலை. இடியும் மழையும் இண்டைக்கும் வருமெண்டு றேடியோவில சொல்லுறான். மழைக்கு முன்னம் தகரத்தைக் கொண்டு வந்து போடு.

— நேற்றடிச்ச காத்திட்டக் கேளுங்கோ. பள்ளிமுனையில வள்ளத்தையே தூக்கிப் போட்டதாம். வள்ளக்காரர் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

— கடலுக்கு ஆளில்லை. மரத்துக்கு ஆள் இருக்கு.

— ஓம், இருக்கு. நீங்கள்தான்.

— இந்தா, சேதக் கணக்கெழுத ஊர் விதானையார் வாறார். அவரிட்டச் சொல்லு பாப்பம்.

— வணக்கம். காலமையிலயிருந்து கூரையளைப் பாத்துப் பாத்துக் கழுத்து நோகுது. உங்கட கூரை எங்க, அம்மா?

— குனிஞ்சு பாருங்கோ விதானையார். கழுத்து நோகாது.

— ஆற்ற மரம்?

— இவன்ர.

— அவவின்ர.

— போன வருசம் ரெண்டு பேரும் என்ர கந்தோருக்கு வந்து வேற மாதிரியெல்லோ சொன்னனீங்கள். இப்ப வேலியையும் காத்து அள்ளிக்கொண்டு போட்டுது. எல்லை எதெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது?

— நான் சொல்லுறன் விதானையார். விசயத்துக்கு வாறன். எல்லை மரத்துக்கு என்ர பக்கத்தாலதான் போகுது. நான் விளங்காமல் சண்டை பிடிச்சிட்டன்.

— யோசிச்சுச் சொல்லு, தம்பி.

— யோசிச்சிட்டன், அக்கா. மரம் முழுக்க உங்கட காணிக்குள்ள.

— ஓரமாவோ?

— ஓரமோ? நல்லா உள்ளுக்க. இந்தா, நான் நிக்கிறன் பாருங்கோ. இதுதான் எல்லை.

— இன்னும் கொஞ்சம் பின்னுக்குப் போவன்.

— போறன். எனக்கென்ன? இந்தா.

— பிறகு மாறிச் சொல்லமாட்டியே?

— பிள்ளையாராணை மாட்டன்.

— விதானையார், கேட்டனீங்கள்தானே?

— கேட்டன், அம்மா. எழுதியும் போட்டன்.

— அப்ப சரி, தம்பி. குசினிக் கூரையை நானே போடுறன். விதானையார், இவன் நிக்கிற இடத்திலயிருந்து றோட்டு மட்டும் நேர ஒரு கயிறு பிடிச்சுப் பாருங்கோ. இவன்ர நல்ல தண்ணிக் கிணறு இப்ப ஆற்ற பக்கம் நிக்குது?