டிராகனின் வயிற்றுத் தையல்

மேடம், உங்கள் யூனிஃபார்மில் இடது தோள் கால் இஞ்ச் இறங்கியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, கண்ணில் பட்டுவிட்டது. இருபத்தெட்டு வருடமாகக் கோட்டைமேட்டில் ப்ளவுஸ் தைக்கிறேன். எதிரே வந்து நிற்பவரின் முகத்துக்கு முன்னால் தோளைத்தான் பார்ப்பேன். பழக்கதோஷம். ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

பெயர் தாஜுன்னிசா. கடைக்கு வருகிறவர்களுக்குத் தாஜக்கா. வீட்டுக்காரர் அப்துல் நாசர் பொத்தான், நூல், லேஸ் வியாபாரம். ஒரே பையன் தல்ஹா, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ராஜா காலத்துப் படம் ஒண்ணு எடுக்கப் போறேம்மா. டிராகன் வருது. கிராபிக்ஸுக்கெல்லாம் வழியில்ல. நீ தெச்சுத் தருவியா?" என்று கேட்டான். பெற்ற பிள்ளை கேட்டால் மாட்டேன் என்றா சொல்வது? குழம்பை ஊற்றிவிட்டு, எத்தனை அடி என்று கேட்டேன்.

முப்பத்திரண்டு அடி. உள்ளே லாரித் தார்ப்பாய், மேலே செதில். பச்சை லைனிங் துணியில் நாலாயிரத்து இருநூறு செதில்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெட்டி ஓரம் மடித்தேன். வயிற்றுக்குச் சிவப்பு வெல்வெட். நாலு ஆட்கள் உள்ளே நுழைய வேண்டுமே, அதனால் வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு திறப்பு. அதை மூடும் தையலை மெஷினில் போடவில்லை, பதினோரு நாள் கையாலேயே போட்டேன். முன்னங்கால் என் வீட்டுக்காரர்தான். அவருக்கு முட்டிவலி, அதனால் டிராகன் லேசாக நொண்டும். அது நடிப்பு என்று சிலர் பாராட்டினார்கள்.

படத்தின் பெயர் 'சாம்பல்மலை'. பல்லடத்தில் மூடிக்கிடந்த கோழிப்பண்ணைதான் அரண்மனை. பால் கேனை வெட்டித்தான் வீரர்களுக்குத் தலைக்கவசம். காரமடைப் பக்கத்துப் பாறையில் சண்டைக்காட்சி. ஒரு தியேட்டரில் காலைக்காட்சியாக நாலு நாள் ஓடியது. அப்புறம் எல்லாரும் பார்க்கட்டும் என்று பையன் அதை இன்டர்நெட்டில் போட்டுவிட்டான். பார்த்தார்கள். பார்த்தவர்கள் கீழே கருத்தும் எழுதினார்கள்.

"அரண்மனைக்குள்ள ஏனுங்க கோழி எறகு பறக்குது?" "ராஜா சபதம் போடறப்ப பின்னால லாரி ஹாரன் கேட்குதுங்க, அவர் ஒதுங்கி வழிவிட்டிருக்கலாம்." "இது டிராகனுங்களா, பழனி பஸ்ஸுல டிக்கெட் எடுக்காம வந்த உடும்புங்களா?" இப்படி நானூற்றுச் சொச்சம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தல்ஹா எல்லாவற்றையும் படித்தான். படித்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டான். பத்து நாள் சரியான சாப்பாடு இல்லை. பிறகு வெளியே வந்து, சூப்பர் மார்க்கெட்டில் ஒரு வேலை பார்த்துத் தரும்படி ஷார்ஜாவில் இருக்கும் மச்சானிடம் கேட்டிருப்பதாகச் சொன்னான். ஒரே பிள்ளை மேடம். அவனைப் போனில் முகம் பார்த்தே நான் கிழவியாக வேண்டுமா? நான் செய்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான். அதை மறக்காமல் எழுதுங்கள்.

அந்தக் கருத்துகளை நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். அதில் ஒன்றின் பக்கத்தில் இருந்த போட்டோவில் மயில்கழுத்து நீல ப்ளவுஸ். கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நான் தைத்தது. பீளமேடு ராமாமணியம்மா. மில் வைத்திருந்த குடும்பம், பதினைந்து வருட வாடிக்கை. தங்கமான மனுஷி. அவர் எழுதியிருந்தார்: "கதை பரவால்லைங்க. பையன் நல்லா வருவான். ஆனா டிராகனோட வயித்துல தையல் தெரியுதுங்க. அவசரத்துல பாவாடைக்கு ஓரம் அடிச்ச மாதிரி இருக்குது."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அன்றைக்குக் கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் படுத்தேன்.

அடுத்த வாரமே ராமாமணியம்மா கடைக்கு வந்தார். மகன் பவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மூன்று பட்டு ப்ளவுஸ், கூடவே அளவு ப்ளவுஸ். உங்களுக்குத் தெரியாததா, உடம்பில் டேப் வைத்து அளப்பதைவிட, நன்றாக உட்காரும் பழைய ப்ளவுஸ் ஒன்றைக் கொடுத்து இதே அளவில் தைத்துவிடுங்கள் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நான் மூன்றையும் அரை இஞ்ச் உள்ளே பிடித்து, இறுக்கமாகத் தைத்தேன். அத்தோடு விட்டிருந்தால் தாஜக்காவுக்குக் கண் மங்கிவிட்டது என்று வேறு கடைக்குப் போயிருப்பார். அதனால் அளவு ப்ளவுஸையும் பிரித்து, அதே அரை இஞ்ச் பிடித்து, மடித்துக் கொடுத்தேன். துணியைச் சந்தேகப்படலாம், தையல்காரியைச் சந்தேகப்படலாம். அளவு ப்ளவுஸே ஏறவில்லை என்றால், அப்புறம் சந்தேகப்படுவதற்கு உடம்பு மட்டும்தான் மிச்சம்.

நாலாம் நாள் வந்துவிட்டார். "ஏனுங்க தாஜக்கா, எல்லாமே புடிக்குதுங்களே?"

"ஒடம்பு கொஞ்சம் பூசுனாப்புல இருக்குதுங்க அம்மணி. கல்யாண ஊட்டுப் பூரிப்பு."

"எடை மெஷின்ல ஏறவே இல்லைங்களே?"

"வயசானா எலும்பு தேயுதுங்க. அந்த எடை சதையில ஏறிக்குதுங்க."

நம்பினார். பாவம், தையலைப் பிரித்துத் தளர்த்திவிடச் சொல்லி பீரோவில் இருந்த பதினாலு ப்ளவுஸையும் அவரே பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நான் கேட்கவேயில்லை. பதினாலையும் பிடித்துக் கொடுத்தேன்.

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்கள். அந்த அம்மா இரண்டு மாதம் கொள்ளு ரசத்திலேயே காலம் தள்ளினார். அரிசி இல்லை, சர்க்கரை இல்லை, விடியற்காலையில் ரேஸ்கோர்ஸை மூன்று சுற்று. உண்மையாகவே இளைத்தார். முதல் மாதம் நாலு கிலோ, அடுத்த மாதம் ஐந்து. அவர் இளைக்க இளைக்க நானும் விடாமல் கூடவே பிடித்துக்கொண்டு வந்தேன். வேலையில் என்றைக்கும் நான் பின்தங்கியதில்லை. கல்யாணத்தன்று மேடையில் ஆரத்தித் தட்டோடு மயங்கி விழுந்தார். குளுக்கோஸ் ஏற்றினார்கள். இப்போது நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம். அவர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

புது மருமகள் ஷ்ரவ்யாதான் கண்டுபிடித்தது. ஆஸ்பத்திரியில் மாமியாரின் ப்ளவுஸைக் கழற்றி மடித்தபோது உள்பக்கம் பார்த்திருக்கிறாள். தையலைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டை போகாது இல்லையா, பக்கத்துப் பக்கத்தில் நாலு வரிசை ஓட்டை இருந்திருக்கிறது. கெட்டிக்காரப் பொண்ணு. கடைக்கு வந்து மேஜைமேல் ப்ளவுஸை விரித்துவைத்து, "இது என்னங்க தாஜக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. "தையல் தெரியுதா கண்ணு?" என்றுதான் கேட்டேன். அதற்குப் பிறகுதான் உங்களிடம் வந்திருக்கிறாள்.

அவர் ஒருவர் மட்டும் இல்லை, மொத்தம் ஏழு பேர். அன்னூர் மாசாணியம்மாள் செதில் முறுக்குப் போல இருக்கிறது என்று எழுதியவர், இப்போது தைராய்டுக்கு மூன்றாவது டெஸ்ட் எடுத்துக்கொண்டிருக்கிறார். பிரத்யுஷா என்று ஒரு டீச்சர், இறக்கையில் பிசிறு தொங்குகிறது என்றவர். அவர் ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். மற்ற பெயர்களையும் தருகிறேன். அளவு நோட்டில் எல்லாம் தேதியோடு இருக்கிறது.

கனகம் பெயர் ஏன் இதில் இல்லை என்று கேட்கிறீர்கள். நீங்களும் அந்தக் கருத்துகளை முழுக்கப் படித்திருக்கிறீர்கள் போலிருக்கிறது. ஆமாம், கனகமும் என் வாடிக்கைதான். "இந்தப் பையனுக்குப் படம் எடுக்கவே வராது, வேற பொழப்பப் பாக்கச் சொல்லுங்க" என்று எழுதியவர். தல்ஹா கதவைச் சாத்திக்கொண்டது அதைப் படித்துவிட்டுத்தான், எனக்கும் தெரியும். ஆனால் அவர் டிராகனைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே மேடம். டைரக்‌ஷனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். போன மாதம்கூட அவருக்கு இரண்டு ப்ளவுஸ் தைத்தேன், அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

பையன் விஷயமா? அவன் தானாகவே எழுந்துவிட்டான், அல்ஹம்துலில்லாஹ். கொச்சியிலிருந்து ஒரு தயாரிப்பாளர் போன் செய்தார். படம் சுமார், ஆனால் கதை மனதிலேயே நிற்கிறது, அடுத்த கதையை நேரில் வந்து சொல்லுங்கள் என்றாராம். அன்றைக்கே ஷார்ஜா வேண்டாம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டான். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தெரு முழுக்க சேமியா பாயசம் கொடுத்தேன். என் பிள்ளை இங்கேயே இருக்கப் போகிறான் என்று அழுதுகூடத் தீர்த்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது என் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான். "இந்தத் தடவை டிராகனைக் கம்ப்யூட்டர்லயே செஞ்சுக்கலாம்மா. உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன். போன தடவை படத்தைக் கவுத்ததே அந்த டிராகன்தானே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சிரித்தேன். இன்னொரு ரொட்டி வைத்தேன்.

கொச்சிக்குப் போட்டுக்கொண்டு போக அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். கழுத்தில் கால் இஞ்ச், கைக்குழியில் முக்கால் இஞ்ச் பிடித்திருக்கிறேன். சும்மா நின்றால் தெரியாது. கையைத் தோளுக்கு மேல் தூக்கினால்தான் மூச்சு முட்டும். இரண்டு கையையும் தூக்காமல் அவனுக்குக் கதை சொல்லவே வராது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், எட்டாவது ஆள் தல்ஹா. காலை வண்டியில் அதைத்தான் போட்டுக்கொண்டு போனான். என்னைக் கட்டிப்பிடித்து, சட்டை பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்நேரம் பாலக்காடு தாண்டியிருப்பான். போன காரியம் நல்லபடியாக முடிய வேண்டுமென்று விடிந்ததிலிருந்து துஆ செய்துகொண்டிருக்கிறேன் மேடம். பெற்றவள் இல்லையா.