கிட்டாரின் கழுத்தைச் சீவியது தொடர்பாக

என் பெயரும் தகப்பனார் பெயரும் முதல் தாளில் உள்ளன. வயது நாற்பத்தொன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்தெருவில் மாடி வீட்டில் தனியாகக் குடியிருக்கிறேன். நாற்காலி செய்யும் பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாகத் தச்சுவேலை பார்க்கிறேன். அங்கே என்னை உளியக்கா என்பார்கள். புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எங்கள் அப்பாவின் மின்சார கிட்டாரை நான் திருடிச் சென்று கெடுத்துவிட்டதாக இந்தக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துள்ளார். எடுத்தது நான்தான். திருடவில்லை.

அப்பா மேடைகளில் வாசித்தவர். நான் பள்ளியில் படிக்கும்போது அந்தக் கிட்டாரைப் புதிதாக வாங்கினார். அது பழையது அல்ல. அந்தக் காலத்து மாடலைப் பார்த்துப் பிற்காலத்தில் அதேபோல் செய்தது. அதனால் கழுத்து, அதாவது இடது கையால் பிடிக்கும் நீண்ட மரம், பழைய கிட்டார்களைப் போலவே தடிமனாக இருக்கும். அவர் எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது அதில்தான். அண்ணன் கற்றுக்கொள்ளவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அப்பா இறக்கும் தறுவாயில், "ரெண்டு பேருக்கும் பொது, சண்டை போட்டுக்காதீங்க" என்றார். அவர் பேச்சை எவ்வளவு கேட்டோம் என்பது நான் இங்கே உட்கார்ந்திருப்பதிலேயே தெரியும்.

அதன் பின்னர் அண்ணன், அசல் கெடக்கூடாது என்று கிட்டாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, கம்பி இழுத்து மரம் வளைந்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஆறு கம்பிகளையும் கழற்றிவிட்டு, பெட்டியைப் பூட்டினார். கழுத்துக்குள் ஓர் இரும்பு ராடு உண்டு. கம்பிகள் முன்னால் இழுக்க, அது பின்னால் இழுத்துக்கொண்டிருக்கும். கம்பிகள் இல்லாவிட்டால் ராடு மட்டும் இழுக்கும். மரத்திலேயே பிழைக்கும் என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாசிக்கக் கேட்டபோதெல்லாம் கொடுக்கவும் இல்லை. தானும் உண்ணான் பிறர்க்கும் கொடான் என்ற கதைதான்.

சென்ற மாதம் இரண்டாம் தேதி காலை பதினொரு மணியளவில், அண்ணன் கடையில் இருந்தபோது அவர் வீட்டுக்குச் சென்று அண்ணியிடம் சாவி கேட்டேன். அண்ணி, "எடுத்துட்டுப் போம்மா. அந்தக் கண்ணாடியத் துடைச்சுத் துடைச்சு என் கை ஓஞ்சு போச்சு" என்று சொல்லிக் கொடுத்தார். இதை இங்கே வந்து சொல்லவும் அவர் தயாராக இருக்கிறார்.

அதன் பின்னர் வீட்டுக்குக் கொண்டுவந்து புதுக் கம்பிகள் போட்டேன். கழுத்து பின்பக்கம் வளைந்து, கம்பிகள் மரத்திலேயே படுத்துக் கிடந்தன. இரண்டு நாளைக்கு ஒருமுறை ராடைக் கால் சுற்று தளர்த்தி, பத்து நாளில் கழுத்தை நிமிர்த்தினேன். அதன் பின்னர் வாசித்துப் பார்த்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பலகை அடுக்கு சரிந்து என் இடது கையின் கடைசி இரண்டு விரல்கள் நசுங்கின. இப்போது பாதிதான் மடங்கும். அந்தத் தடிமனைச் சுற்றி வந்து கம்பியை அழுத்த அவற்றால் முடியவில்லை. வேறு கிட்டார் வாங்கக் கூடாதா என்று அதிகாரி கேட்டார். வாங்கலாம். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது வேறு கிட்டாரில் அல்ல.

ஆகவே பதினைந்தாம் தேதி கழுத்தின் பின்புறத்தை, நாற்காலிக் கால்களை உருண்டையாகச் சீவும் கைக்கருவியாலும் உப்புத்தாளாலும் இரண்டு மில்லிமீட்டர் குறைத்தேன். ராடு வரை போய்விடக் கூடாது என்று அடிக்கடி நிறுத்தி அளந்தேன். கட்டைவிரல் பட்டுப் பட்டு அப்பா மழுமழுவென்று ஆக்கி வைத்திருந்த இடத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. அழுதேன். அதன் பின்னர் அதையும் சீவினேன்.

பதினெட்டாம் தேதி மாலை நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்தார். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா கை பட்ட மரத்தை இழைச்சுக் குப்பையில போட்டுட்டியேடி" என்றார். நான், "அப்பா கை பட்டது வாசிக்கத்தான். நீ பெட்டிக்குள்ள வெச்சிருந்தது அவரு கிட்டாரோட பொணத்தை" என்றேன். அவர் கண் கலங்கினார். சொன்னது கடுமைதான், ஆனாலும் திரும்பப் பெற மாட்டேன். அவர் கெட்டவர் அல்ல. வாசிக்கத் தெரியாதவரால் பார்த்துக்கொண்டிருக்கத்தான் முடிந்தது.

மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து, கிட்டாரை அண்ணனிடம் விட்டுவிட்டால் வழக்கில்லாமல் முடித்துக்கொள்ளலாம் என்று இன்று என்னிடம் கூறப்பட்டது. எழுத மாட்டேன். மறுபடியும் அது என் கைக்கு அடங்காமல் போனால் மறுபடியும் சீவுவேன். கிட்டார் தற்போது இந்த நிலையத்தில் உள்ளது. நீதிமன்றம் அண்ணனுக்கே கொடுக்கச் சொன்னால் கொடுத்துவிடுங்கள். ஆனால் கம்பிகளோடு கொடுங்கள். அவற்றைக் கழற்றக் கூடாது என்று இதில் ஒரு வரி சேர்க்கும்படி கேட்டேன், சேர்க்கப்பட்டது.

மேற்கண்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். யாருக்கும் பயந்து சொன்னதல்ல. ஓர் இடம் தவிர, நான் சொன்னபடியே இருந்தது. அந்த இடத்தில் ‘சேதப்படுத்தினேன்’ என்று எழுதியிருந்ததை அடித்து, ‘சீவினேன்’ என்று எழுதச் செய்து, ஓரத்தில் கையொப்பமிட்டேன். இப்போது எல்லாம் உண்மை.

(கையொப்பம்)