இறக்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை

பழைய காம்பர் வாங்க வருகிறவர்கள் முதலில் மெத்தையைத்தான் அமுக்கிப் பார்ப்பார்கள். பிறகு சமையலறை, குளியலறை. எஞ்சினுக்கு வருவதற்குள் மனம் முடிவெடுத்துவிடும். பலெர்மோவில் இந்த வீட்டு வண்டிகளை விற்கிற இடத்தில் பத்து வருடமாக வேலை செய்கிறேன், ஐயா. அதனால் சொல்கிறேன்.

பெனடிக்ற்றும் நானும் மன்னாரிலிருந்து ஒன்றாக வந்தவர்கள். இங்கே சீசா பகுதியில் ஒரே அறையில் படுத்தவர்கள். சேர்ந்து ஒரு காம்பர் வாங்கி லூர்து மாதா கோவில் வரை ஓட்டிப் போவோம் என்பது அவன் வாயால் வந்த பேச்சு. போன மாதம் அவன் மைத்துனன் ஸ்ரீபனோடு வந்து நின்றான். அவர்கள் இருவருமாக வாங்கப் போகிறார்களாம். என்னிடம் யோசனை மட்டும் போதுமாம். எனக்கு வயிறு எரிந்தது.

"மச்சான், உனக்குத்தானே இஞ்சை உள்விசயம் தெரியும். எதை எடுக்கிறது?"

இரண்டு வண்டிகள் நின்றன. பார்வைக்கு வித்தியாசமே இல்லை. 2014 வண்டிக்கு 130 குதிரைவலு, 2019 வண்டிக்கு 180. பின்னதில் பிறேக்கும் பெரிது. அவ்வளவு பாரத்துக்கு அது வேண்டும்.

"பழசை எடு. வருசம் மட்டுந்தான் வித்தியாசம்" என்றேன். அவன் உடனே நம்பினான்.

எங்கள் சனம் வண்டி எடுத்தால் முதல் ஓட்டம் பெல்லெக்ரினோ மலைக்குத்தான், அங்கே கோவில்கொண்ட புனிதை சாந்தா றொசாலியாவிடம் ஆசீர்வாதம் வாங்க. குடும்பத்தோடு போவார்கள். ஏறும்போது அந்த எஞ்சின் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இறங்கும் வழி முழுக்க வளைவுகள். இறக்கத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.

அந்த வண்டியின் தேய்ந்த பிறேக்கை மாற்றச் சொல்லி முதலாளி என்னிடம்தான் தந்தார். மாற்றிவிட்டேன் என்று சொன்னேன். மாற்றவில்லை. புதிய சாமான்கள் என் அலுமாரியில் பெட்டி பிரிக்காமல் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்தபோது உள்ளே பெனடிக்ற், மனைவி அமலினி, ஸ்ரீபன், பெனடிக்ற்றின் மகள் கிளறா. ஞானஸ்நானத்தில் நான் ஏந்திய என் ஞானப்பிள்ளை. அவளுக்கு ஏழு வயது. ஒருவரும் தப்பவில்லை என்று நீங்கள் சொன்னபோது நான் அழுதேன். அது நடிப்பில்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை நான் குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, வாசலில் நின்றேன். வண்டி எங்கள் தெருவால்தான் போனது. நிறுத்தி, நீயும் வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் பிறேக் விசயத்தைச் சொல்லியிருப்பேன். கிளறா கண்ணாடிக்குள்ளால் கை காட்டினாள். நானும் காட்டினேன். பெனடிக்ற் நிறுத்தவில்லை. ஏன் என்று அவனைத்தான் நீங்கள் கேட்க வேண்டும், ஐயா.