மஞ்சள் டேங்க்

அந்த நாற்காலி வேண்டாம் தம்பி, ஆடும். இதுல உக்காருங்க. பிரிண்டர் மெஷின் அதோ, ஜன்னலோரம். தூசி படக்கூடாதுன்னு எங்க வீட்டுக்காரர்தான் துணி போட்டு மூடி வெச்சிருக்காரு. அவரு ஆபீஸ்ல இருக்காரு. நடுவுல போன் வரும், ஆள் வந்தாச்சான்னு கேட்டு.

வாங்கி ஏழு மாசம். மூணு வாரம் ஆராய்ச்சி பண்ணி வாங்கினாரு. டேங்க் வெச்சதுதான் நல்லது, மை தீர்ந்தா நீயே ஊத்திக்கலாம், வாசல் தாண்ட வேண்டாம்னாரு. தங்கமான மனுஷன் தம்பி. அதிர்ந்து பேச மாட்டாரு. ரெண்டு வருஷம் முன்னாடி ரோட்டுல ஒரு தடவ தலை சுத்தி உக்காந்துட்டேன். அதுலேர்ந்து காய்கறி வீட்டுக்கே வருது, மாத்திரை வருது, செருப்புகூட வருது. போட்டுக்கிட்டு எங்க போறதுன்னுதான் தெரியல. அவருக்கு நன்றி சொல்லிச் சொல்லியே எனக்கு மூச்சு முட்டுது.

நானா? பள்ளிக்கூடங்களுக்குக் கேள்வித்தாள் டைப் அடிச்சுக் குடுக்கறேன். முன்னாடி பிரிண்ட் எடுக்கத் தெருக்கோடி ஜெராக்ஸ் கடைக்குப் போவேன். அதுக்கு மட்டும் விட்டிருந்தாரு. போக எட்டு நிமிஷம், வர ஒரு மணி நேரம். சிரிக்காதீங்க. கடைக்காரம்மா வாயத் தொறந்தா மூட மாட்டாங்க. அவங்க பொண்ணு கல்யாணம் நின்னது, மறுபடி கூடினது, எல்லாம் அங்க நின்னுதான் கேட்டேன். இப்ப குழந்தை பொறந்திருக்கும். ஆணா பொண்ணான்னு தெரியல.

வாரம் ஒரு பக்கமாவது எடுக்கணும், இல்லேன்னா மை காஞ்சு அடைச்சுக்கும்னு வித்தவங்க சொன்னாங்களாம். அதுக்கு என் போன்ல அலாரம் வெச்சுக் குடுத்திருக்காரு. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நானும் மெஷினும் உசுரோட இருக்கோமான்னு பார்த்துக்கறோம்.

இருங்க, அவருதான். ஆங், வந்துட்டாருங்க. பார்த்துக்கிட்டிருக்காரு. இல்ல, தலை எல்லாம் சுத்தல. சரி.

ஆமா தம்பி, மஞ்சள் டேங்க்ல கருப்பு போயிடுச்சு. தெரியாம ஊத்திட்டேன்னுதான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? கருப்பு பாட்டில் மூக்கு மஞ்சள் டேங்க் வாய்ல உக்காராதுன்னு எனக்கும் தெரியும். அரை மணி நேரம் முட்டிப் பார்த்தேனே. அப்புறம் பாட்டில் மூடியத் திருகி எடுத்து, காதுக்கு மருந்து விடற ஃபில்லரால சொட்டுச் சொட்டா விட்டேன்.

சரி பண்ணிடலாமா? வேண்டாம். மை தெளிக்கற ஹெட்டே போயிடுச்சு, இனி தேறாதுன்னு எழுதிக் குடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். புதுசு வாங்குவாரு, தெரியும். ஆனா மறுபடி மூணு வாரம் ஆராய்வாரு. பரீட்சை நேரம், கேள்வித்தாள் காத்திருக்காது. அவரு வீடு திரும்பறதுக்குள்ள பள்ளிக்கூடம் மூடிடும். நான்தானே கடைக்குப் போயாகணும்?

புதுசு வந்த பெறகா? ஃபில்லரக் கழுவித்தான் வெச்சிருக்கேன் தம்பி.