ஏழாம் நம்பர் சீட்டு

ரீனா சிஸ்டர்தான் தாயி எனக்கு மொதல்ல சொன்னாங்க, பொறந்த புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாக்குற அந்த மிஷினு எங்க பிரசவ வார்டுக்கு வந்த அன்னைக்கு. மூணு வருசம் இருக்கும். ஆயாம்மா, புள்ள அசந்து தூங்கணும், அழுதா மிஷினு ஒத்துக்காதுன்னு. மொளகு தண்டி ரப்பர காதுல வச்சு சத்தம் குடுத்தா, காதே திருப்பி ஒரு சத்தம் குடுக்குமாம்ல. கேட்டதும் எனக்கு மேலு சிலுத்துப் போச்சு. தோத்திரம் ஆண்டவரேன்னேன். சிஸ்டர் சிரிச்சுட்டாங்க, தோத்திரம் இருக்கட்டும், மொதல்ல ஃபேன நிப்பாட்டுங்கன்னு.

இல்ல இல்ல, மிஷின நான் தொடவே மாட்டேன். தூங்குற புள்ளையாப் பாத்துத் தூக்கிட்டுப் போயி மடியில வச்சுக்கறது மட்டுந்தான் என் வேல. ரெண்டு பெத்து வளத்து கல்யாணமும் முடிச்சவ, எனக்கா புள்ளையத் தூங்கவைக்கத் தெரியாது?

ஆமா, உன் ஆராய்ச்சியப் பத்தி நீ சொன்னது வெளங்குது. மிஷினு சொன்னது சரியா தப்பான்னு பாக்க, அப்பப் பொறந்த புள்ளைகளத் திரும்பக் கூப்புட்டு பெரிய டெஸ்ட்டு வச்சிருக்க. அம்புட்டுக்கும் ஒத்துப்போச்சு. ஒண்ணுக்கு மட்டும் அன்னைக்கு பாஸுன்னு வந்திருக்கு, இப்பப் பாத்தா ரெண்டு காதும் கேக்கல. மிஷினு கோட்டவிட்டுருச்சுன்னு எழுதிட்ட. சூர்யகலா புள்ளதான?

எப்படித் தெரியும்னா... இரு, செத்த தண்ணி குடிச்சுக்கறேன்.

சூர்யகலாவ வீட்டுக்கு அனுப்புற அன்னைக்கு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம். புள்ளையோட தாத்தா பெரியகருப்பன் வாசல்ல ஆட்டோவ நிப்பாட்டிட்டுக் கத்துறாரு, மொதப் பேத்திய ராகு காலத்துலயா கூட்டிட்டுப் போறது, எங்க வம்சத்துல எவனுக்குக் காது கேக்காமப் போச்சு, இதுக்கு ஒரு மிஷினாக்கும்னு. புள்ள வீல் வீல்னு அழுகுது. அந்த டெஸ்ட்டு முடியாம வீட்டுக்கு விடமாட்டாங்க. சூர்யகலா என் கையப் புடிச்சுக்கிட்டு, ஏதாச்சும் பண்ணுங்கம்மாங்குறா.

அப்புறம் என்ன, டெஸ்ட்டு ஆச்சு. பாஸு வந்துச்சு. பத்து இருபதுக்கு ஆட்டோ கெளம்பிருச்சு. எனக்கு ஒரு சீப்பு பழம் குடுத்துட்டுப் போனா.

ஒன்னரை வயசுல தடுப்பூசி போட தூக்கிட்டு வந்தா. அப்ப என் கை தவறி எவர்சில்வர் பேசினு டமார்னு விழுந்துச்சு. வார்டே திரும்புச்சு. அந்தப் பாப்பா மட்டும் செவத்துல இருந்த படத்தையே பாத்துக்கிட்டு நிக்குது. நான் கண்டேன் தாயி. கண்டுட்டு, பேசின எடுத்துக்கிட்டுப் போயிட்டேன். அன்னையிலேர்ந்து செபமால உருட்டுனா மணி நகர மாட்டேங்குது.

மிஷின ஒண்ணும் சொல்லாத. பக்கத்துக் கட்டில்ல ஆனந்தி புள்ள நல்லாத் தூங்குச்சு. அதுக்குக் காலையிலயே பாத்தாச்சு. அதையே மறுபடி தூக்கிட்டுப் போயி, சூர்யகலாவோட ஏழாம் நம்பர் சீட்ட நீட்டிட்டேன். கால்ல கட்டுன நம்பரு துணிக்குள்ள இருந்துச்சு. சிஸ்டர் மொகத்த எங்க பாத்தாங்க, காதத்தான பாத்தாங்க.

நான் அழல தாயி, அழல. நாளைக்கு சாணார்பட்டிக்கு சூர்யகலா வீட்டுக்குப் போறேன்னியே, என்னையும் கூட்டிட்டுப் போறியா?